கண்ணாடித் தகடுகளும் கணினி ஆய்வின் நாளைய கேள்விகளும்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான ஒரு கண்ணாடித் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அன்றைய தினம் சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் எங்கெங்கே இருந்தன என்பதை இன்றும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கு மின்சாரமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு குறுந்தகட்டில் பதிந்துவைத்த திருமணப் படங்களைத் திறந்து பார்க்கும் வசதி இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கண்ணாடியின் அருமை புரியும்.

கணினித் துறையின் எதிர்காலம் குறித்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே பேசுகிறோம்: இன்னும் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள், இன்னும் வலிய சில்லுகள், இன்னும் மிகுதியான தரவு மையங்கள். ஆனால், இனிவரும் ஆண்டுகளில் அத்துறை சந்திக்கப்போகும் கடினமான கேள்விகள் பல நம்பகத்தன்மையைப் பற்றியவை. நூறாண்டுப் பதிவை ஓர் இயந்திரம் சரியாகப் படித்ததா? அது தந்த விடையை எதைக் கொண்டு சோதிப்பது? அந்தப் பதிவை இன்னும் நூறாண்டுகளுக்கு எப்படிக் காப்பாற்றுவது? இவற்றுக்குப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தனித்து விடை காண இயலாது. தொழில்துறையும் தனித்து விடை காண இயலாது. இருவரும் எந்த நிபந்தனைகளின்பேரில் சேர்ந்து உழைப்பது என்பதைச் சோதித்துப் பார்க்கப் பழனி மலையில் உள்ள இந்த ஆய்வகத்தைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வகம்

இந்த ஆய்வகத்தின் பிறப்பே ஒரு பாடம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் அறிவியலாளர்களிடையே வலுவாக இருந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று பஞ்ச விசாரணைக் குழு பரிந்துரைத்தது. 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார், கொடைக்கானல் தேர்வாயிற்று. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் 1899-இல் ஆய்வகம் அமைந்தது. 1901-இல் சூரியனைக் கவனிக்கும் பணி தொடங்கியது. 2024 ஏப்ரல் 1-இல் அதன் 125-ஆவது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது.

எந்த நோக்கத்துக்காக அந்த ஆய்வகம் தொடங்கப்பட்டதோ, அந்த நோக்கம் நிறைவேறவில்லை. கரும்புள்ளிகளை எண்ணி மழையை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால், அதற்காகத் திரட்டப்பட்ட பதிவுகள், திரட்டியவர்கள் கனவிலும் நினைத்திராத வேறொரு தேவைக்கு இன்று பயன்படுகின்றன. மூன்றாண்டுகளில் என்ன பலன் என்று கணக்குக் கேட்டிருந்தால் இந்தக் கருவூலமே உருவாகியிருக்காது.

தொழில்துறையின் கையும் தொடக்கத்திலேயே அங்கு இருந்தது. சூரியனைக் கால்சியத்தின் குறிப்பிட்ட ஊதா நிற ஒளியில் மட்டும் படமெடுக்கும் நிறமாலைக் கருவி, கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனத்திடமிருந்து 1904-இல் வந்தது. அந்த நிறுவனம் 1881-இல் சார்லஸ் டார்வினின் மகன் ஹொரேஸ் டார்வின் முதலியோரால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்குத் தேவையான கருவிகளைச் செய்து தருவதற்காகத் தோன்றியது. பல்கலைக்கழகத்தின் நிழலில் முளைத்த தொழில் என்று அதைச் சொல்லலாம். 1907-இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், அதற்கு முன்னர் இங்கிலாந்தில் தொழில்துறை வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே, சொந்தக் கருவிகளைக் கொண்டு சூரியனை ஆராய்ந்தவர். 1909 ஜனவரியில், கரும்புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்புறமாக வாயு பாய்வதை அவர் இம்மலையில்தான் கண்டறிந்தார். உலகெங்கும் அது இன்றைக்கும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

பழைய தகடுகளுக்கு இன்று என்ன வேலை?

சூரியனின் காந்தப்புலம் கொந்தளிக்கும்போது வெளிப்படும் மின்னூட்டத் துகள்களும் கதிர்வீச்சும் பூமியின் தொழில்நுட்பக் கட்டமைப்பைத் தாக்குகின்றன. 1989 மார்ச் மாதத்தில் இத்தகைய புயல் ஒன்றால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2022 பிப்ரவரியில், அப்போதுதான் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40, சூரியப் புயலால் பூமியின் மேல் வளிமண்டலம் விரிவடைந்து அடர்ந்ததால் கீழிழுக்கப்பட்டு அழிந்தன. 2024 மே மாதத்தில் அடித்த புயலின்போது லடாக்கின் ஹான்லே பகுதியில்கூடத் துருவ ஒளி தெரிந்தது. மின் கட்டமைப்பு, தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து, வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் ஆகியவற்றை நம்பி வாழும் நமக்கு இவற்றை முன்கூட்டியே அறிவது ஆடம்பரம் ஆகாது.

அதற்கான முயற்சிகளில் செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனமும் நாசாவும் இணைந்து, பல பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, 'சூர்யா' என்ற மாதிரியை வெளியிட்டன. 2010-இல் ஏவப்பட்ட சூரிய இயக்க ஆய்வு விண்கலத்தின் ஒன்பது ஆண்டுப் படங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. யாரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் அது திறந்துவிடப்பட்டிருக்கிறது. பாராட்டுக்குரிய பணி அது.

ஆனால், சூரியனின் நாட்காட்டி நம்முடையதைப் போன்றதன்று. அதன் கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. காந்தத் துருவங்கள் இடம் மாறிப் பழைய நிலைக்குத் திரும்ப 22 ஆண்டுகள் வேண்டும். 2008-இன் இறுதியில் தொடங்கிய 24-ஆம் சுற்று, கடந்த நூறாண்டுகளில் கண்ட மிக வலுக்குறைந்த சுற்று. விண்கலப் படங்களை மட்டும் படித்த இயந்திரம், பெரும்பாலும் அந்த அமைதியான சூரியனையே அறிந்திருக்கிறது. 1957-58-இல் உச்சம் தொட்ட 19-ஆம் சுற்றோ, முறையான பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணப்பட்டவற்றிலெல்லாம் மிக வலியது. அப்படியொரு சூரியனை எந்த நவீன விண்கலமும் முழுமையாகப் பார்த்ததில்லை. கொடைக்கானல் பார்த்திருக்கிறது.

அதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சூரியனின் முழு முகத்தின் காந்தப்புலத்தை நாள்தோறும் அளக்கும் வழக்கம் 1970-களில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய காலத்துக்கு நேரடி அளவீடு இல்லை. ஆனால், கால்சிய ஒளியில் எடுத்த படங்களில் பளிச்சென்று தெரியும் பகுதிகள், காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்களோடு நெருங்கி ஒத்துப்போகின்றன. எனவே, அப்படங்களிலிருந்து பழைய காந்தப்புலத்தை மீட்டெடுக்க முடியும் என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை. பாரிஸ் அருகேயுள்ள மியூடான், 1915 முதல் 1985 வரை இவ்வகைப் படங்களை எடுத்த அமெரிக்காவின் மவுண்ட் வில்சன், கொடைக்கானல் என உலகில் ஒருசில ஆய்வகங்களிடமே இத்தகைய நெடிய பதிவு இருக்கிறது. கொடைக்கானலில் ஏறத்தாழ 1.2 லட்சம் படங்கள் இதுவரை எண்மமாக்கப்பட்டு, இணையத்தில் அனைவருக்கும் கிடைக்கின்றன.

இயந்திரம் தடுமாறும் இடங்கள்

இனி, கணினி அறிவியலுக்கு இங்குள்ள வேலை என்ன என்பதைப் பார்க்கலாம். படங்கள் இருக்கின்றன, மென்பொருள் இருக்கிறது, இணைத்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது.

முதல் சிக்கல், சூரியனில் ஏற்பட்ட மாற்றத்தையும் படத்தில் ஏற்பட்ட மாற்றத்தையும் பிரித்தறிவது. கொடைக்கானல் கால்சியக் கருவியின் ஒளியமைப்பு நெடுங்காலம் ஒரே மாதிரி இருந்தது. அது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால், தகட்டின் தரம், அதைக் கழுவிய வேதிப்பொருள், அன்றைய மூட்டம், கருவியின் பராமரிப்பு எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறின. புகைப்படப் படலத்தில் பதிவான இந்தத் தொடர் 2007-இல் முடிந்தது. 2008 முதல் இரட்டைத் தொலைநோக்கி மின்னணு உணரிகளைக் கொண்டு வேலை செய்கிறது. ஒரு பத்தாண்டுப் படங்கள் முழுவதும் சற்று மங்கலாக இருந்தால், மங்கியது சூரியனா, தகடா? ஓரிடத்தில் கற்ற பாடத்தை வேறு சூழலில் பொருத்தும்போது இயந்திரக் கற்றல் தடுமாறுவது, மருத்துவப் படங்களிலிருந்து தானியங்கி வாகனங்கள் வரை எல்லாத் துறைகளிலும் தீராத பிரச்சினை. நூறாண்டுத் தகடுகளில் அதற்கு ஒரு தீர்வு கிடைத்தால், மருத்துவமனைக்கும் அது உதவும்.

இரண்டாவது, குறிப்பேடுகளில் உள்ள நேரம். சூரியனின் பிம்பத்தைக் கருவிக்குள் செலுத்தும் சுழல் ஆடி ஒன்று கொடைக்கானலில் உள்ளது. அது திரும்பத் திரும்ப, பிம்பமும் மெல்லச் சுழலும். ஆகவே, படமெடுத்த நேரம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், சூரியனின் வடக்கு எது என்ற கணக்கும் தவறிவிடும். இந்தியத் திட்ட நேரம் 1906-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னகர்த்தி வைக்கப்பட்டன. எண்மமாக்கப்பட்ட தொகுப்பில் நேரத்திலும் திசையிலும் பிழைகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டு திருத்தி வருகின்றனர். வரலாறு தெரியாத மென்பொருள் இத்தகைய பிழையைச் சூரியனின் புதிரான நடத்தை என்று அறிவித்துவிடக்கூடும். இங்கே கணினி அறிஞருக்குப் பக்கத்தில் ஓர் ஆவணக் காப்பாளரும் உட்கார வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, இல்லாததை இருப்பதாகக் காட்டும் ஆபத்து. படங்களை ஆக்கவல்ல இன்றைய மென்பொருள், மங்கலான படத்தைத் துலக்கமாக்கும். விடுபட்ட நாளுக்கும் ஒரு படத்தை வரைந்து தரும். பார்ப்பதற்கு அது உண்மையான சூரியனைப் போலவே இருக்கும். ஆனால், அந்தத் துலக்கம் தகட்டில் இருந்து வந்ததா, இயந்திரத்தின் ஊகத்தில் இருந்து வந்ததா என்பதைச் சொல்லும் நேர்மை அதனிடம் இயல்பாக இல்லை. மழை பெய்து மேகம் மூடிய நாளில் கொடைக்கானலில் படமே எடுக்கப்படவில்லை. அந்த வெற்றிடமும் ஒரு தரவுதான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இயந்திரத்தை உருவாக்குவது, இத்தலைமுறைக் கணினி ஆய்வின் தலையாய சவால்.

நான்காவது, பாதுகாப்பு. இந்தத் தகடுகள் முதலில் எண்மமாக்கப்பட்டபோது ஒவ்வொரு படப்புள்ளியும் 256 சாம்பல் நிலைகளில் மட்டுமே பதிவாயிற்று. நுண்ணிய ஆய்வுக்கு அது போதவில்லை. பின்னர், 4096-க்கு 4096 படப்புள்ளிகளும் 65,536 சாம்பல் நிலைகளும் கொண்டு மீண்டும் எண்மமாக்கப்பட்டன. முதன்முறை வேலை முடிந்ததும், 'கணினியில் ஏற்றியாகிவிட்டது, இனி இந்தக் கண்ணாடி எதற்கு?' என்று தகடுகளை அப்புறப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் அரசு அலுவலகங்களிலும் நூலகங்களிலும் கோயில்களிலும் பழைய ஆவணங்களை எண்மமாக்கும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டிய கேள்வி இது. வன்தட்டு பழுதாகும், கோப்பு வடிவம் வழக்கொழியும். நூறாண்டு நீடிக்கும் எண்மப் பதிவுக்கு உலகில் இன்னும் உறுதியான வழி அமையவில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. கொடைக்கானலில் பணியாளர்கள் நாள்தோறும் சூரியனின் அம்சங்களை வெவ்வேறு வண்ணங்களில் கையால் வரைந்துவைத்த வரைபடங்கள் இருக்கின்றன. நைனிடாலில் உள்ள ஆரியபட்டா ஆய்வு நிறுவனத்தினர், இயந்திரக் கற்றலைக் கொண்டு அவ்வரைபடங்களில் உள்ள பகுதிகளைப் பிரித்தெடுத்திருக்கின்றனர். பெயர் தெரியாத ஒரு பணியாளரின் வண்ணக்கோல், நூறாண்டுக்குப் பின் வந்த இயந்திரத்துக்கு ஆசானாகியிருக்கிறது.

இராமச்சந்திரன் காட்டிய வழி

இத்தகைய பணியைப் பல்கலைக்கழகங்கள் தனித்துச் செய்ய முடியாததற்குக் காரணம் வெளிப்படை. பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் கணிப்புத் திறன் இன்று ஒருசில நிறுவனங்களிடம் குவிந்திருக்கிறது. திறமையான மாணவர்களையும் அவையே ஈர்த்துக்கொள்கின்றன. நிறுவனங்கள் தனித்துச் செய்ய முடியாததற்கும் காரணம் உண்டு. சூரியனின் ஒரு சுற்று முடிவதற்குள் நிறுவனத்தின் தலைவர் மூவர் மாறிவிடுவர். ஒரு தகட்டின் விளிம்பில் பென்சிலால் எழுதிய குறிப்பைப் புரிந்துகொள்ளும் பொறுமைக்கு, காலாண்டு இலாபக் கணக்கில் இடமில்லை.

இருவரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உயிரியல் ஒரு சிறந்த முன்னுதாரணம் தருகிறது. அதன் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், புரதச் சங்கிலி எவ்வெக்கோணங்களில் மடங்க இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டனர். ஒரு புரத வடிவம் நம்பத்தக்கதா என்று சரிபார்க்க, உலகெங்கும் அந்த வரைபடம் இன்றும் பயன்படுகிறது. 1971-இல் புரத வடிவங்களுக்கான பொதுத் தரவு வங்கி அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் அரும்பாடுபட்டுக் கண்டறிந்த வடிவங்களை அதில் இலவசமாகச் சேர்த்தன. 1994 முதல் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு போட்டி நடந்து வருகிறது. இன்னும் வெளியிடப்படாத புரத வடிவங்களைப் போட்டியாளர்கள் கணித்துச் சொல்ல வேண்டும். விடை பிறகே வெளியாகும். 2020-இல் அந்தப் போட்டியில் கூகுளின் துணை நிறுவனமான டீப்மைண்ட், தன் 'ஆல்ஃபாஃபோல்ட்' மென்பொருளால் வியத்தகு வெற்றி பெற்றது. 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் அதற்குப் பங்கு கிடைத்தது.

இந்த வெற்றிக்கு மூன்று கால்கள் உண்டு: ஐம்பதாண்டுப் பொதுத் தரவு, யாரும் ஏமாற்ற முடியாத பொதுச் சோதனை, ஒரு நிறுவனத்தின் கணிப்புத் திறனும் ஆள்பலமும். இவற்றில் முதல் இரண்டும் கல்வி உலகம் தந்தவை. அதே கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2024 மே மாதத்தில் அதன் மூன்றாம் பதிப்பு நிரல் இன்றி வெளியானபோது, சரிபார்க்க முடியாததை எப்படி அறிவியல் என்பது என்று ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டு நவம்பரில் நிரல் கல்விப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது. பொதுத் தரவில் வளர்ந்த கூட்டுறவு, முடிவுகளை மறைக்கும்போது முறிகிறது என்பது அதன் பாடம்.

பணம் வருகிறது; நிபந்தனைகள் எங்கே?

இந்தியா ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.64 சதவீதம். அதில் தனியார் பங்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. தென் கொரியா ஏறத்தாழ ஐந்து சதவீதம் செலவிடுகிறது. அதன் பெரும்பகுதியைத் தொழில்துறையே ஏற்கிறது. இந்த நிலையை மாற்ற, 2023-இல் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிடப்பட்ட அந்த அமைப்பு, அதன் பெரும்பகுதியை அரசுக்கு வெளியிலிருந்து திரட்ட எண்ணுகிறது. 2024 மார்ச்சில் 10,300 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் செயற்கை நுண்ணறிவு இயக்கம் ஒப்புதல் பெற்றது. 2025 ஜூலையில் தனியார் துறை ஆய்வை ஊக்குவிக்க ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை இசைவு தந்தது. ஆனால், இந்தக் கடைசித் திட்டம் ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்கானது. பழைய தகட்டின் நேரப் பிழையைத் திருத்தும் வேலை அதன் வாசலைக்கூட எட்டாது.

தமிழ்நாட்டுக்குக் கூட்டுறவு புதிதன்று. 2010-இல் தொடங்கிய சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்கா, நாட்டிலேயே பல்கலைக்கழகம் சார்ந்த முதல் ஆய்வுப் பூங்கா. அங்கு இடம் பெறும் நிறுவனங்கள் ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் இணைந்து பணியாற்றுவதற்கு மதிப்பெண் ஈட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, வெறும் வாடகைக் கட்டடமாக அது ஆகிவிடாமல் காத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற திறந்த வடிவமைப்பைக் கொண்டு, அதே ஐஐடியில் 'சக்தி' செயலி உருவானது. உரிமக் கட்டணம் கேட்காத ஓர் அடித்தளம் பொதுவில் இருந்ததால்தான், சென்னை மாணவர்களால் சொந்தமாகச் செயலி வடிவமைக்க முடிந்தது.

இந்த அனுபவங்களிலிருந்து கொடைக்கானலுக்குச் சில நிபந்தனைகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, மூலத் தகடுகளும் அவற்றின் மூலத் தரவும் என்றென்றும் பொதுவுடைமையாக இருக்க வேண்டும். எந்த நிறுவனத்துக்கும் தனியுரிமை தரலாகாது. நம் தரவைப் பிறர் இலவசமாக எடுத்துச் செல்கிறார்களே, பூட்டிவைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பூட்டிவைத்த தரவில் பிழை கண்டுபிடிப்பார் இல்லை. கொடைக்கானல் தொகுப்பின் நேரப் பிழைகள் வெளிப்பட்டதே அது வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் திறந்திருந்ததால்தான். அன்று பருத்தியைக் கப்பலேற்றிவிட்டுத் துணியை விலைக்கு வாங்கினோம். அதற்கு மருந்து, பருத்தியைப் பூட்டுவது ஆகாது. தறியை நாமே அமைப்பது.

இரண்டாவது, புரதத் துறையில் உள்ளதைப் போன்ற ஒரு பொதுச் சோதனை வேண்டும். ஒரே நாளில் கொடைக்கானலிலும் மவுண்ட் வில்சனிலும் மியூடானிலும் எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் தந்து, மற்றவற்றை மறைத்துவைத்து, இயந்திரத்தின் கணிப்பை ஒப்பிடலாம். பன்னாட்டு நிறுவனமும் திண்டுக்கல் மாவட்டக் கல்லூரி மாணவியும் ஒரே தேர்வை எழுத வேண்டும். இந்திய வானியற்பியல் நிறுவனம் அதற்குப் பொருத்தமான நடுவர்.

மூன்றாவது, இயந்திரம் ஊகித்து வரைந்த படம் எதுவும் மூலத் தொகுப்பில் கலந்துவிடக் கூடாது. ஒவ்வொரு விடையோடும் அதன் ஐயத்தின் அளவும் தரப்பட வேண்டும்.

நான்காவது, ஒப்பந்தத்தின் காலம் சூரியனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டங்கள் சிலவற்றை முடித்துவைக்கும். ஆனால், பராமரிப்பு என்ற சலிப்பூட்டும், முடிவில்லாத வேலையை அவை தொடுவதில்லை. ஒரு சூரியச் சுற்றுக்கு, அதாவது 11 ஆண்டுகளுக்கு, ஒரு நிதியம் அமைக்கலாம். அனுசந்தான் அறக்கட்டளையும் தொழில் நிறுவனங்களும் அதற்குப் பங்களிக்கலாம்.

இலாபம் இல்லாமல் நிறுவனங்கள் ஏன் வரும் என்ற கேள்வி நியாயமானதே. தரவும் அடிப்படை மாதிரியும் பொதுவாக இருக்கட்டும். அவற்றின் மீது கட்டப்படும் சேவைகளுக்குக் கட்டணம் பெறலாம். எந்த மின்மாற்றியை எந்த மணிநேரத்தில் பாதுகாக்க வேண்டும், எந்தச் செயற்கைக்கோளின் பாதையை மாற்ற வேண்டும் என்று சொல்லும் சேவைக்கு மின் வாரியங்களும் விண்வெளி நிறுவனங்களும் காப்பீட்டாளர்களும் விலை கொடுக்கத் தயாராக இருப்பர். வங்கக் கடலில் புயல் வரும்போது வானிலைத் துறை தரும் பொதுத் தகவலின் மீது எத்தனையோ தனியார் சேவைகள் இயங்குவதைப் போன்றதே இது.

மலையடிவாரத்தை மறவாமல்

ஐந்தாவது நிபந்தனை மனிதர்களைப் பற்றியது. கொடைக்கானலிலேயே 1984-இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலையிறங்கினால் 1956-இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம்; சற்றுத் தள்ளி மதுரை காமராசர் பல்கலைக்கழகம். இம்மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இயந்திரக் கற்றலைப் படிக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது, உலகெங்கும் ஏற்கெனவே ஆயிரம் முறை ஆராயப்பட்ட, எங்கோ யாரோ தொகுத்த படத்தொகுப்புகளைத்தான். தங்கள் தலைக்கு மேலுள்ள மலையில் விடை தெரியாத கேள்விகள் கொட்டிக் கிடப்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

ஒரு முனைவர் பட்ட மாணவியை ஒரு பேராசிரியரும் ஒரு நிறுவனப் பொறியாளரும் ஆய்வக அறிவியலாளர் ஒருவரும் சேர்ந்து வழிநடத்தும் ஏற்பாட்டுக்குப் பெருஞ்செலவு ஆகாது. பழைய குறிப்பேடுகளைப் படித்துப் படியெடுக்கும் வேலையில் இளங்கலை மாணவர்களை ஈடுபடுத்தி, அதற்குரிய ஊதியமும் ஆய்வுத்தாளில் பெயரும் தரலாம். சென்ற நூற்றாண்டில் வரைபடம் தீட்டிய கைகளின் பெயர்கள் பலவும் ஆய்வுத்தாள்களில் ஏறவில்லை. அதே பிழையை இந்த நூற்றாண்டிலும் செய்ய வேண்டியதில்லை.

காலமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், கால்சியத்தின் மற்றொரு ஊதா நிறக்கோட்டிலும் சூரியனைப் படமெடுக்கிறது. கொடைக்கானலின் பழைய தகட்டையும் விண்கலத்தின் புதிய படத்தையும் ஒரே இழையில் கோக்க முடிந்தால், 1900-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை அறுபடாத சூரிய வரலாறு ஒன்று நம் கையில் இருக்கும். அந்த இழையைக் கோப்பதற்கான கணினிக் கலையை நாமே வளர்த்துக்கொள்வோமா, அல்லது பிறர் கோத்துத் தரும் மாலையை விலைக்கு வாங்குவோமா என்பதை அடுத்த சில ஆண்டுகளில் நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் முடிவு செய்யும்.

தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு சூரியனைப் பார்க்கத் தொடங்கியவர்கள் தேடியது மழையை. அவர்கள் விட்டுச்சென்ற தகடுகளில் நாம் தேடுவது வேறு. இன்று நாம் சேமிக்கும் தரவில் நூறாண்டு கழித்து வருபவர்கள் எதைத் தேடுவார்கள் என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் திறந்து பார்க்கக்கூடிய நிலையில், பிழையையும் மறைக்காமல், அதை விட்டுச்செல்வது மட்டுமே நம்மால் ஆவது. கல்வித்துறையும் தொழில்துறையும் கைகோக்கும்போது முதலில் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழியும் அதுவே.